பொதிகையின் கடைசிப் பாறை: ஏறியவர்களும் திரும்பியவர்களும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மழை விட்ட மார்கழிக் காலைகளில், முன்வரிசை மலைகளுக்குப் பின்னால் கூம்பாக ஓர் உச்சி தெரியும். அதுதான் அகத்தியர் மலை என்று ஆச்சி காட்டுவார். உயரம் 1,868 மீட்டர். நாற்பது வயது வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அதன்மேல் கால் வைக்க வாய்க்கவில்லை. நம் பக்கத்துப் பாதை, அதாவது பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் வழியாகச் செல்லும் பாதை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே நம்மூர் மலையில் ஏறுவதற்கு நாகர்கோவில், திருவனந்தபுரம், விதுரை என்று ஊரெல்லாம் சுற்றி, கேரள வனத்துறையிடம் அனுமதிச் சீட்டும் மருத்துவச் சான்றும் காட்டி, போணக்காட்டிலிருந்து நடக்க வேண்டியிருக்கிறது. கொல்லைப்புறமாகச் சொந்த வீட்டுக்குள் நுழைவது போன்ற உணர்வு கடைசி வரை எனக்குப் போகவே இல்லை.

நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பிவிட்டேன். இங்கே எழுத விரும்புவது பெரும்பாலும் அந்தத் திரும்பலைப் பற்றித்தான்.

முதல் நாள் நடை, போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை, ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டத்தைக் கடந்தவுடன் காடு தொடங்குகிறது. பிறகு ஓடைக்கு மேல் ஓடை. வழியில் இரண்டு செங்குத்தான ஏற்றங்களுக்கு ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று பெயர். தேரி என்றால் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் மேடு என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, மழைக்காட்டின் நடுவே அந்தச் சொல்லைக் கேட்டது வேடிக்கையாக இருந்தது. முட்டிடிச்சான் என்ற பெயருக்கு விளக்கமே வேண்டியதில்லை. ஏறுகிறவனின் முட்டி அவன் நெஞ்சிலேயே இடிக்கிறது.

எங்களுடன் வந்த வழிகாட்டி இந்த மலைகளின் பழங்குடியான காணிக்காரர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காலில் செருப்பில்லை. பாதையோரத்தில் குனிந்து ஒரு செடியின் இலையை ஒதுக்கி, அடியிலிருந்து சிறிய காய் ஒன்றைப் பறித்து மென்றார். எங்களுக்கும் இரண்டு கொடுத்தார். அது ஆரோக்கியப்பச்சை. 1987இல் இந்த மலைகளுக்கு ஆய்வுக்கு வந்த தாவரவியலாளர்கள், உடன் வந்த காணிக்காரர்கள் மட்டும் களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு காரணம் கேட்டபோது வெளியே தெரியவந்த செடி இதுதான். அதிலிருந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒரு மருந்து உருவாக்கியது. அதன் வருவாயில் காணிகளுக்கும் பங்கு என்று முடிவாயிற்று. நான் தின்ற இரண்டு காய்களால் என் களைப்பு குறைந்ததா என்று கேட்டால், அவர் கொடுத்தார் என்ற மகிழ்ச்சியில் குறைந்தது என்பேன்.

இரவு முகாமில் கஞ்சி. விடிந்ததும் மேலே ஆறு கிலோமீட்டர். பொங்காலைப்பாறை வரை நிழல். அதன்பின் மரங்கள் மெல்ல மெல்லக் குட்டையாகி, காற்றுக்கு வளைந்து, தோளுயரத்தில் நின்றுவிடுகின்றன. அதற்கும் மேலே வெறும் பாறை, ஒரே கல். மண்ணும் வேரும் விட்டுப்போன அந்த வழுக்கு முதுகில் ஆங்காங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள்.

வழிகாட்டி உடனே ஏறவில்லை. முதலில் உள்ளங்கையைப் பாறைமேல் வைத்துச் சற்று நேரம் எடுக்காமல் நின்றார். பிறகு எங்களை அழைத்துக் காட்டினார். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த பாறையில், கிட்டத்தில், மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடின. மழைநீர் வழியும் தடம் அது. பாசி காய்ந்து கறுத்திருக்கிறது, ஈரம் பட்டால் சோப்பு போலாகிவிடும். கோடுகளுக்கு இடையே சொரசொரப்பாகப் படர்ந்திருந்த வெளிறிய திட்டுகளில்தான் கால் வைக்க வேண்டும், அதுவும் அவை காய்ந்திருக்கும் வரைதான். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு என்றும் சொன்னார். ஒட்டிக்கொண்டால் உடலின் பாரம் பாதத்தைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுமாம். முதுகை நிமிர்த்தி, முழுப் பாதமும் பதியும்படி நின்றால் கல் பிடித்துக்கொள்ளுமாம். கயிறு தொங்குவதற்கு அல்ல, நிலை தவறாமல் இருப்பதற்கு.

முதல் கயிற்றில் ஏறிவிட்டோம். இரண்டாவதன் பாதியில் நான் நின்றபோது மேற்கிலிருந்து மேகம் வந்தது. மூன்று நிமிடத்தில் எனக்கு மேலே இருந்த நண்பரின் காலணி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. கையிலிருந்த கயிறு கனத்து ஈரமானது. வழிகாட்டி மீண்டும் உள்ளங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்தார். “பாறை நனஞ்சு போச்சு சாரே, போலாம்” என்றார். உச்சிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நான் வாதாடினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன், பாறைக்கு அது தெரியவா போகிறது. அவர் பதில் பேசாமல் எனக்குக் கீழே போய் நின்று, என் குதிகாலைக் கையால் பிடித்து, ஒவ்வோர் அடியாக வெளிறிய திட்டுகளில் எடுத்து வைத்தார். கீழே வந்து சேர்ந்த கால் மணி நேரத்தில் மழை கொட்டியது. சற்று முன் நான் நின்ற இடத்தில் தண்ணீர் தாரையாக இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஏறினேன். உச்சியில் அகத்தியர் சிலை, காற்று, கிழக்கே ஐந்தலைப் பொதிகையின் முகடுகள். 1850களில் திருவிதாங்கூர் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் இதே உச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்துக் காற்றையும் காந்தப் புலத்தையும் அளந்தார் என்று படித்திருந்தேன். கூலியாட்கள் இந்தப் பாறையில் கருவிகளைச் சுமந்து ஏறியதை நினைத்தபோது கால் கூசியது. கீழே காரையாறு அணையின், அதாவது பாபநாசம் அணையின், நீர் பளபளத்தது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று அணைகளின் முழு உயரத்தோடு நாள்தோறும் செய்தித்தாளில் நீர்மட்டம் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அந்த எண்ணின் உருவத்தை மேலிருந்து பார்ப்பது வேறொரு நிறைவு. வீடு தெரிந்ததா என்று ஆச்சி கேட்டார். தெரியவில்லை, வெயிலில் சமவெளி முழுவதும் புகைபோல இருந்தது என்றேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி திரும்பியதை எழுதினார். நான் போக முடிந்ததே பெரிது. 2018 இறுதியில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது. நான் சென்றது அடுத்த ஆண்டு ஜனவரியில். பாறையில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நான் பயந்தது முதல் நாள், ஈத்தைக்காட்டில். மூங்கில் இனத்தைச் சேர்ந்த ஈத்தை யானைக்கு மிகவும் பிடித்த தீனி. பாதையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்திருப்பதால் ஐந்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. முன்னே சென்றவர் கையை உயர்த்தினார். மடக் மடக்கென்று ஈத்தை ஒடியும் சத்தம். பிறகு அதுவும் நின்றது, அதுதான் கொடுமை. சத்தம் இருக்கும் வரை அது தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். நின்றால் நம்மைக் கவனிக்கிறது என்று பொருள் என்று பின்னால் சொன்னார்கள். இருபது நிமிடம் அப்படியே நின்றோம். என் கணுக்காலில் அட்டைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, கையில் உப்புப் பொட்டலம் இருந்தும், குனியத் துணியவில்லை. மீண்டும் ஒடியும் சத்தம் சரிவின் கீழ்ப்பக்கம் கேட்ட பிறகே நடந்தோம்.

தென்காசியிலிருந்து

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இறங்கும்போதுதான் உயிர் போயிற்று. பாறையைப் பார்த்தபடி, பின்புறமாக, கயிற்றைக் கை மாற்றி மாற்றி இறங்க வேண்டும். கீழே பார்க்கவும் முடியாது, பார்க்காமலும் இருக்க முடியாது. பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த காலணியைப் போட்டுக்கொண்டு சென்றது என் தவறு. இரண்டாவது கயிற்றில் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. மேலே செல்வதற்குக் காலணி நல்லதா, வெறுங்காலா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மீண்டும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து

தென்காசி நண்பருக்கு: காணிக்காரர் வெறுங்காலில் ஏறுகிறார் என்று நாமும் கழற்றினால் பத்து நிமிடத்தில் தோல் உரிந்துவிடும். காலணிதான் சரி, ஆனால் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். பசை விட்டுப்போவதானால் அகத்தியர் மலையில் விடாமல் அம்பாசமுத்திரம் சாலையிலேயே விட்டுவிடட்டும்.