டெப்ரிகேட்டட்: வழக்கொழிந்ததா, நீங்குமுகமா?

வணக்கம். மென்பொருளில் ஒரு வசதி இப்போது ஓடினாலும் பின்னால் நீக்கப்படவிருக்கிறது என்று எச்சரிக்க "டெப்ரிகேட்டட்" (deprecated) என்பார்கள். நம் மொழிபெயர்ப்பில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "வழக்கொழிந்தது" என்பதே போதும். எல்லோருக்கும் புரியும்.

புரிவதுதான் சிக்கலே. வழக்கொழிந்தது என்றால் இனி யாரும் புழங்குவதில்லை என்று பொருள். பைத்தான் நிரல்மொழியில் நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸைப் பாருங்கள். 2021-இல் வந்த 3.10 பதிப்பில் அதை டெப்ரிகேட்டட் என்று அறிவித்தார்கள். 2023-இல் வந்த 3.12-இல்தான் எடுத்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த எச்சரிக்கையைத் தமிழில் "வழக்கொழிந்தது" என்று காட்டியிருந்தால், படிப்பவர் "நேற்றுகூட ஓடியதே" என்று அதை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். இன்னும் இருக்கிறது, ஆனால் கிளம்பத் தயாராகிவிட்டது: இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் வேண்டும்.

என் பரிந்துரை "நீங்குமுகம்". ஏறுமுகம், இறங்குமுகம் போல. "இந்த ஒருங்கிணைப்பு நீங்குமுகத்தில் உள்ளது, 5.0 பதிப்பில் நீக்கப்படும்" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இடறவில்லை. ஒருங்கிணைப்பு என்பது இன்டக்ரேஷன், வேறொரு சேவையோடு இணைக்கும் பகுதி. (முதலில் கழிமுகம் என்றுதான் தோன்றியது. அது ஆறு கடலில் சேரும் இடமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.)

"காலாவதி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது கடவுச்சொல்லுக்கும் சான்றிதழுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. தவிர, அதில் கெடு முடிந்துவிட்ட தொனி இருக்கிறது. நம் வேலையில் கெடு நகரும். பைத்தான் 2-க்கு முதலில் சொன்ன ஆண்டு 2015. பிறகு 2020-க்குத் தள்ளினார்கள். சொல் திசையைக் காட்டினால் போதும், நாளைப் பதிப்பு எண் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இதோடு குழப்பக் கூடாது. லினக்ஸ் கருநிரலில் (கெர்னல்) இட்டானியம் என்ற இன்டெல் செயலி வகைக்கான ஆதரவுக்கு 2021-இல் கொடுத்த அடையாளம் "ஆர்ஃபன்", அதாவது கவனிக்க ஆளில்லை என்பது. நீக்கியது 2024 ஜனவரியில் வந்த 6.7-இல். அங்கே யாராவது பொறுப்பேற்க வந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். நீங்குமுகம் என்றால் முடிவு எடுத்தாயிற்று. ஆகவே ஆர்ஃபனுக்கு "பராமரிப்பற்றது" என்று தனியாக வைத்துக்கொள்வோம். நம் பட்டியலில் உள்ள பழைய ஒருங்கிணைப்புகளில் பாதி, உண்மையில் இந்த வகை என்றே நினைக்கிறேன். எது எந்த வகை என்று தீராமல் சரங்களை (திரையில் தோன்றும் வாசகங்களை) மொழிபெயர்க்க முடியாது.

சரி, ஒரு குறை எனக்கே தெரிகிறது: வினைச்சொல். "நீங்குமுகமாக்கு" வாயில் நுழையவில்லை. இப்போதைக்கு "நீங்குமுகம் என அறிவி" என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?