நடிகர் டெல்லி கணேஷ் பத்தி நம்ம பாலக்காட்டு பார்டர்காரங்க அனுபவம் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்க பெரியப்பா சாகற வரைக்கும் டெல்லி கணேஷ் பாலக்காட்டு ஆளுதான்னு அடிச்சுப் பேசுவாருங்க. 1990 தீபாவளிக்கு மைக்கேல் மதன காமராஜன் வந்தப்ப ஊர்ல பாதிப் பேரு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாத்தாங்க, அதுல பாலக்காட்டு மணி ஐயரா அந்த மனுசன் பேசுன பேச்சக் கேட்டுட்டு இவன் நம்ம சித்தூர் சைடுல எங்கியோ பொறந்தவன்தான்னு பெரியப்பா முடிவே பண்ணிட்டாரு. அவரு சொந்த ஊரு தூத்துக்குடிப் பக்கம் வல்லநாடுங்க பெரியப்பான்னா, போடா உனக்கென்ன தெரியும்னுடுவாரு. ஒரு தடவ கோயம்புத்தூர்ல நாடகத்துக்கு வந்திருந்தப்ப முடிஞ்சதும் மேடைக்குப் பக்கத்துல போய் நின்னேன், இதக் கேட்டு பெரியப்பாகிட்ட ஆதாரத்தோட சொல்லலாம்னுதான், ஆனா செல்ஃபி எடுக்கற கூட்டம் விட்டாத்தான. மேக்கப் கலைக்காம வேர்த்து ஒழுக நின்னு ஒவ்வொருத்தருக்கா சிரிச்சுட்டு இருந்தாரு. நானூறு படத்துக்கு மேல நடிச்ச ஆளு, நாடகத்த விடவே இல்ல பாருங்க.

கல்பாத்திப் பொண்ணு:
எங்காத்துல கதையே வேற. எங்க சித்தப்பா தேஹண்டக்காரர், அதாவது கல்யாண சமையல்காரர், ஒத்தப்பாலத்துலேர்ந்து கோயம்புத்தூர் வரைக்கும் கல்யாணத்துக்குப் போவார். அந்தப் படம் டிவில வரச்சே நாங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம், சித்தப்பா மட்டும் சாம்பார்ல மீன் விழற எடம் வந்தா எழுந்து வாசல்ல போய் உக்காந்துண்டுடுவார். பந்தில ஒரு தலைமயிர் வந்துட்டாலே அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான், அவர் தொழில் அப்படியாக்கும். ஆனா மணி ஐயர் வர மத்த சீன் ஒண்ணு விடாம பாப்பார். கமல் காமேஸ்வரனா அவ்வளவு அமர்க்களம் பண்றச்சே இவர் அதுக்குப் போட்டியா ஒண்ணும் பண்ணலை கேட்டேளா, பக்கத்துல நின்னுண்டு வளத்த பிள்ளையப் பாத்துப் பதறிண்டே இருப்பார், அந்தப் பதற்றம் இல்லேன்னா கமலோட காமெடி பாதி எடுபட்டிருக்காதுன்னு நான் சொல்லுவேன். கிரேசி மோகன் வசனத்த எல்லாரும் சொல்றா, அதக் கேக்கற மூஞ்சிய யாரும் சொல்றதில்லை.
2024 நவம்பர் 9 ராத்திரி அவர் போயிட்டார்னு நியூஸ் வந்தது, இங்க கல்பாத்தில தேர்த் திருவிழா நெருங்கிண்டிருந்த சமயம், ஊர் முழுக்க விருந்தாளி. திண்ணைல பாதிப் பேர் அவரப் பத்தித்தான் பேசிண்டிருந்தா. ஒரு மாமா சிந்து பைரவிங்கறார், இன்னொருத்தர் நாயகன் ஐயர்ங்கறார். காபி ஆறிப்போச்சு.

வேலந்தாவளம் பாய்:
கல்பாத்தி அக்கா கோவிச்சுக்காதீங்க, அந்தப் பாலக்காட்டுத் தமிழு சினிமாவுக்குன்னு கொஞ்சம் சேத்துப் போட்டதுதான், எங்க கடைக்கு வர்ற ஐயருமாரு யாரும் அப்படி இழுத்துப் பேச மாட்டாங்க. எனக்கு அவருன்னா 'பசி' படந்தான். 1979ல வந்தது, துரை டைரக்ஷன், அதுல ஷோபாவுக்கு அப்பாவா சைக்கிள் ரிக்‌ஷாக்காரரா வருவாரு. எங்க வாப்பா கோட்டமேட்டுல ரிக்‌ஷா ஓட்டினவரு, அந்தப் படத்த ஒரே தடவதான் பாத்தாரு, மறுபடி போடலாமான்னா வேணாண்டாரு. அதுக்கு ஸ்டேட் அவார்டு குடுத்தாங்க, நியாயந்தான். அபூர்வ சகோதரர்கள்ல அதே ஆளு வில்லன் பிரான்சிஸ் அன்பரசு, பாக்கும்போது நெசமாவே கடுப்பாகும். ஐயரு, ரிக்‌ஷாக்காரன், வில்லன்னு எதக் குடுத்தாலும் செஞ்சதாலதான் அவருக்குன்னு பெருசா எழுத யாருக்கும் தோணலையோ என்னமோ. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

வாளையார் எக்ஸ்-சர்வீஸ்:
நானும் ஏர்ஃபோர்ஸ்தான், அவருக்கு ரொம்ப ஜூனியர், நேர்ல பாத்ததில்ல. அவர் 64லேர்ந்து 74 வரைக்கும் சர்வீஸ். டெல்லியில தட்சிண பாரத நாடக சபாவுல நடிச்சிட்டிருந்தவர், அதான் பேர்ல டெல்லி, வச்சது பாலசந்தர், முதல் படம் பட்டினப்பிரவேசம். பென்ஷன் கெடைக்கற வரைக்கும்கூட இருக்காம யூனிஃபார்மக் கழட்டிட்டு நாடகத்துக்குப் போறதுன்னா வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு சர்வீஸ்ல இருந்தவனுக்குத்தான் தெரியும். எங்க மெஸ்ல தமிழ்ப் பசங்க யாராச்சும் மிமிக்ரி பண்ணினா, சீனியருங்க உடனே அவர் பேரச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவாங்க, நீயும் பேப்பர் போட்டுட்டுப் போயிடாதடான்னு. அவர் எறந்தப்ப ஏர்ஃபோர்ஸ்காரங்க வீட்டுக்கு வந்து மரியாதை செஞ்சத டிவில பாத்தேன், ஐம்பது வருசம் கழிச்சு. பாய், அவார்டு விசயத்துல நீங்க சொன்னது சரி. ஆனா தமிழ் விசயத்துல கல்பாத்தியம்மா பக்கம்தான் நான், எங்க மாமனார் வீட்ல இன்னிக்கும் அப்படித்தான் இழுக்கறாங்க, ஒரு நாள் வாங்க, கேட்டுட்டுப் போங்க.