சைட்செயின் கம்ப்ரெஷன்: தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் தேவை)

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். கிக் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்கி அதே இடத்தில்தான் நடமாடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒன்றை மற்றொன்று விழுங்கி, அடி மழுங்கிவிடுகிறது. அதனால் பேஸ் தடத்தில் கம்ப்ரெஸரை, அதாவது ஒலியின் உரப்பைத் தானாகத் தணிக்கும் கருவியை வைத்து, அதைக் கிக்கின் ஒலியால் இயக்குகிறோம். கிக் விழும் கணத்தில் பேஸ் மூன்று நான்கு டெசிபல் தணிந்து, உடனே எழுந்துவிடும். இதற்குத்தான் பெயர் வேண்டும். ‘பக்கச் சங்கிலி அமுக்கம்’ என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன்.

மடல் 2

ஐயா, அடித்தது நல்லது. இங்கே யாழ்ப்பாணத்தில் ‘அமுக்கம்’ என்றால், நீங்கள் ‘அழுத்தம்’ என்று எழுதும் பௌதிக அளவுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். ‘ஒடுக்கம்’ பொருந்தும். கிக் டிரம்மையும் விட்டுவிடாதீர்கள்: ‘மிதிமுரசு’. ‘உதைமுரசு’ வேண்டாம். மிதிகட்டையை அழுத்த, அடிகோல் வந்து தோலில் படுகிறது. அதை யாரும் உதைப்பதில்லை.

மடல் 3

புதிதாகத் தேடவே வேண்டாம். ‘தரும் வளவன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வகரம் வருவதால் மகரம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகிறது. பக்கத்து ஒலிக்காக ஓர் ஒலி தன்னைக் குறைத்துக்கொள்வதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் குறுக்கம். அந்த மகரம் சார்பெழுத்து. இங்கே பேஸும் கிக்கைச் சார்ந்தே தணிகிறது. ஆகவே ‘சார்புக் குறுக்கம்’. அரை காலாவது பாதியாவது; 6 டெசிபல் தணிந்தால் வீச்சும் பாதியாகிறது! சுரத்தின் தாழ்வு, நடு, உயர்வு நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று மூவகை இயக்கமாக வகுத்த மொழி இது. பேஸை ‘மெலிவு’ என்றே எழுதலாம்.

மடல் 4

ஐயா, உங்கள் மகரக்குறுக்கத்தைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் மாத்திரை என்பது கால அளவு. இங்கே தணிவது உரப்பு. பேஸ் சுரத்தின் நீளம் மாறுவதில்லை. ‘மெலிவை ஏற்று’ என்று கையேட்டில் இருந்தால் மாணவன் எந்தக் குமிழைத் திருப்புவான்? பதினொரு ஆண்டுகளாகக் கலவை மேசையில் இருக்கிறேன். உதவியாளரிடம் நான் சொல்வது, ‘கிக்குக்கு பேஸ் வழிவிடட்டும்’ என்பதுதான். அதையே பெயராக்குங்கள்: ‘வழிவிடு ஒடுக்கம்’. வினைத்தொகையாகவும் நிற்கிறது.

மடல் 5

புணர்ந்தால் ‘வழிவிடொடுக்கம்’ ஆகிவிடும், அம்மா. விடு முற்றியலுகரம்தான், ஆனாலும் ‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது சில இடங்களில் முற்றியலுகரமும் குற்றியலுகரம் போலவே கெடும் என்கிறது நன்னூல். உயிர் வந்ததும் உகரமே வழிவிட்டுப் போய்விடுகிறது.

மடல் 6

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘வழிவிடு ஒடுக்கம்’ என்பதற்கு ஐவர், ‘சார்புக் குறுக்கம்’ என்பதற்கு இருவர். முன்னதைப் பிரித்தே அச்சிடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘சைட்செயின்’ என்று பக்கத்தில் சேர்த்து. மிதிமுரசும் உள்ளே போகிறது. பேஸ், பேஸாகவே இருக்கட்டும்.

மடல் 7

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் காலம் இங்கே இல்லை என்றதை ஏற்க முடியாது. நிமிடத்துக்கு 120 அடி என்றால், அடிக்கொரு கிக்காக இரண்டுக்கும் இடையே 500 மில்லிநொடி. அதற்குள் பேஸ் எழாவிட்டால் பாட்டு படுத்துவிடும். ‘குறுக்கம்’ என்பதை நான் விடவில்லை.