சிங்காநல்லூர் குளமும் சின்னவன் கண்ணும்

பெரியவளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. கிட்டப்பார்வை. ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் மைனஸ் பவர் கூடிக்கொண்டே வந்தது. கேரட், முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று யார் எதைச் சொன்னாலும் செய்து கொடுத்தோம். போன வருடம் கண் டாக்டரம்மா எங்களிடம் கேட்டது கீரையைப் பற்றி அல்ல. "சின்னவனுக்குத்தான் இன்னும் பவர் வரலையே, அவன் பகல்ல எவ்வளவு நேரம் வெளியில இருக்கான்?"

ஸ்கூல் வேன், வகுப்பறை, டியூஷன், வீடு. வெளியில் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். விளக்கு எரியும் வகுப்பறையில் சுமார் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். வெளியே மர நிழலில்கூட அது பல ஆயிரம். நல்ல பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் அது தடுக்கிறது என்கிறார்கள். விழி நீள்வதுதான் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு முடிவில், அப்படிப் போகாதவர்களில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வந்த ஆய்வு இது. தைவானில் 2010-லிருந்தே பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று அரசே திட்டம் போட்டு நடத்துகிறது.

சரி, பையனை வெளியே விடலாம் என்றால், அப்பார்ட்மெண்ட் வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே ஓடி வந்துவிடுவான். அங்கே அவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் சாயங்காலம் பள்ளி விட்டதும் கோவை சிங்காநல்லூர் குளத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தோம். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், சில நாள் சாக்கடை வாடை முகத்தில் அடிக்கும். இருந்தாலும் உயிருள்ள இடம்.

நீலத்தாழைக்கோழி கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்பதை முதல் நாள் பார்த்தான். அப்புறம் கிளம்ப மாட்டேன் என்று அடம். இன்னொரு நாள் ஒரு முக்குளிப்பான் தனியாக நீந்திக்கொண்டிருந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியாக ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. குஞ்சு! இவன் கத்தப் போனான். பக்கத்தில் பரிசலைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீன்காரப் பெரியவர், "சத்தம் போடாத சாமி, முங்கீரும்" என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வீட்டில் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் இருக்காத பிள்ளை அன்றைக்கு இருட்டும் வரை அசையவில்லை.

என் அனுபவத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கண்ணுக்குத் தேவையான அந்த நேரத்தை வெளியே கழிக்க வைக்க, பிள்ளைக்கு மரமோ, பறவையோ, தண்ணீரோ வேண்டும். வெறும் சிமெண்ட் தரையில் அது நடப்பதில்லை.

இவனுக்கு இதுவரை பவர் இல்லை. இனியும் வராது என்று நான் சொல்ல மாட்டேன்; அப்பா, அம்மா இருவருமே கண்ணாடி போட்ட வீடு இது. பெரியவளுக்கு வந்த பவர் குளக்கரைக்குப் போவதால் இறங்காது என்பதையும் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவளுக்கான பரிசோதனையை நாங்கள் விடுவதில்லை. ஆனால் இரண்டு பேருமே இப்போது ஒன்பது மணிக்கெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார்கள்.

எனக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் படபடப்பு அடங்குகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் சொன்னதைப் படித்தபோது ஆச்சரியமே வரவில்லை: பறவையைப் பார்த்தாலோ குரலைக் கேட்டாலோ வரும் மனத்தெளிவு 8 மணி நேரம் வரைகூட நீடிக்கிறதாம், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும்.

இடைஞ்சலாக இருந்தது டியூஷன் மட்டும்தான். நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தை அதுதான் தின்றுகொண்டிருந்தது. ஆறரைக்கு மேல் மாற்றித் தரச் சொல்லி டீச்சரிடம் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். உடனே சரி என்றார். இப்போது அந்தத் தெருவில் இன்னும் சில பிள்ளைகளும் ஆறரைக்குத்தான் வருகிறார்கள்.