பழைய டிரம்மில் கட்டிய புகையடுப்பு: எங்கள் அனுபவங்கள்

இறைச்சியைப் புகையிலேயே வேகவைக்கும் அடுப்பு ஒன்றைக் கட்ட மூன்று மாதம் பொருள் சேர்த்தேன். 200 லிட்டர் இரும்பு டிரம், பழுதான சலவை இயந்திரத்தின் எவர்சில்வர் உருளை, யாரோ கழித்துப் போட்ட அடுப்பின் கம்பித் தட்டு. டிரம்மில் சமையல் எண்ணெய்தான் இருந்தது என்று உறுதியான பிறகே எடுத்துவந்தேன். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எரியக்கூடிய திரவம் இருந்த டிரம் என்றால் இன்னும் மோசம். உள்ளே தங்கிய ஆவி கிரைண்டரின் ஒரு தீப்பொறியில் வெடித்துவிடும்.

உள்பூச்சு போகும்வரை விறகைக் கொழுந்துவிட்டு எரித்தேன். ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்படி தேய்த்து, எண்ணெய் தடவி, புது இரும்புச் சட்டியைப் பழக்குவதுபோல மறுபடி சூடேற்றினேன். சலவை உருளையில் துளைகள் ஏற்கெனவே இருந்ததால் கரி போடும் கூடையாக அப்படியே பொருந்திவிட்டது. அந்த நிமிடம் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

முதல் சமையல் பாழானது. புகை வெளியே போகக் கூடாது என்று மேல்துளையை முக்கால்வாசி மூடிவிட்டேன். நெருப்பு மூச்சுத் திணறி, பஞ்சுபோல வெள்ளைப் புகையைக் கக்கியது. இறைச்சியின் மேல் கரிப்பிசின் படிந்து நாக்கில் வைக்க முடியாத கசப்பு. இப்போது மேல்துளை எப்போதும் முழுதாகத் திறந்திருக்கும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்று நுழையும் கீழ்த்துளைகளால் மட்டுமே. புகை மெல்லிய நீலமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போக வேண்டும். தட்டின் மட்டத்தில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பிடித்துவைக்கிறேன். மூடியில் இருக்கும் வெப்பமானியை நம்புவதில்லை.

இன்னொன்று. பெரிய பன்றித் தோள் இறைச்சியின் உள்வெப்பம் 70 டிகிரிக்கு அருகில் வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும். அடுப்பில் கோளாறு இல்லை. நமக்கு வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. கரியை அள்ளிக் கொட்டாமல் காத்திருந்தால் 95 டிகிரியில் எலும்பு தானாகக் கழன்று வரும்.

*

மேலே ஒருவர் டிரம் பற்றிச் சொன்ன எச்சரிக்கையை நான் குழாய்க்கும் சொல்வேன். என் அடுப்பின் புகைபோக்கிக்காகப் பழைய ஜி.ஐ. குழாயை (துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாய்) வெட்டி வெல்டிங் செய்தேன். அன்று இரவே குளிர்காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. துத்தநாக முலாம் எரிந்த புகையைச் சுவாசித்ததன் விளைவு என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு முலாம் இல்லாத இரும்புக் குழாயைப் பொருத்தினேன். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டுகளையும் தொடாதீர்கள். சிலவற்றில் காட்மியம் முலாம் இருக்கும், அது நஞ்சு.

*

மேலே எழுதிய இருவரைப் போலன்றி, என்னுடையது குளிர்ந்த புகைக்கான பெட்டி. பயன்படாத மர அலமாரியைப் புகை அறையாக்கி, நெருப்பைத் தனியே ஒரு தகரப் பெட்டியில் வைத்து, மூன்று மீட்டர் குழாய் வழியாகப் புகையைக் கொண்டுவருகிறேன். வரும் வழியிலேயே சூடு தணிந்துவிடுவதால் அலமாரிக்குள் 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. இந்தச் சூட்டில் இறைச்சி வேகாது; கிருமியும் சாகாது. அதனால் உப்பில் முறையாகப் பதப்படுத்திய துண்டுகளை மட்டுமே தொங்கவிடுகிறேன். அலமாரியின் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்க மட்டும் நான்கு நாள் ஆனது.