ரிப்போர்ட்டில் இருந்த 0.19

பெயர் வேண்டாம். வயது முப்பதுக்குப் பக்கம், கல்யாணம் ஆகவில்லை. நடந்தது இவ்வளவுதான். பழக்கமான ஒரு பெண்ணோடு இருந்தேன், ஆணுறை கிழிந்துவிட்டது, முடிந்த பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம். அவளுக்குக் கர்ப்பம் பற்றித்தான் கவலை. அதற்கான மாத்திரையை மறுநாளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். எச்ஐவி என்ற நினைப்பு எனக்கு நாலாவது நாள் ராத்திரிதான் வந்தது. வந்தது போகவில்லை.

ஐந்தாவது நாள் டாக்டரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" சொன்னேன். எழுதத் திறந்த பேனாவை மூடி வைத்தார். 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் 28 நாள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்திருக்கலாமாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த 72 மணி நேரம் இன்னும் மிச்சமிருந்தால், மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் கிளம்புங்கள். ஆனால் ஒன்று, அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு டெஸ்ட்டுக்கான நாள் கணக்கு மாத்திரை முடிந்த பிறகுதான் தொடங்கும்.

எனக்கு அவர் ஒரு கணக்கும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எச்ஐவி இருந்து, அவள் மருந்தும் எடுக்காமல் இருந்தால்கூட, இந்த மாதிரி உறவில் ஆணுக்குத் தொற்றுவது ஒரு தடவைக்கு 10,000-ல் சுமார் 4. மருந்து ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உடலுறவு வழியாகப் பரவவே பரவாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் நான் அந்த நாலில் ஒன்றாகப் போய் நின்றுகொண்டேன். "அவங்களுக்கு இருக்கிற ரிஸ்க் உங்களுக்கு இருக்கறதைவிட ரெண்டு மடங்கு, அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றும் சொல்லியிருந்தார். அது என் காதில் விழுந்ததோடு சரி.

பதினாலாவது நாள் பொறுக்க முடியாமல் விரல் நுனியில் குத்தி எடுக்கிற ரேபிட் டெஸ்ட் எடுத்தேன். இருபது நிமிடம், ஒரே கோடு, நெகட்டிவ். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள்தான் தெரிந்தது, அந்த கிட் தேடுவது உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளை, அது உருவாகவே குறைந்தது மூன்று வாரமாவது ஆகும். பதினாலாவது நாள் நெகட்டிவுக்கும் டெஸ்ட் எடுக்காததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த டெஸ்ட், எத்தனையாவது நாள் என்று கேட்டுக்கொள்ளாமல் போனால் இப்படித்தான்.

அப்புறம் அறிகுறி தேடும் வேலை. காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, நெறி கட்டுவது, இதெல்லாம் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் வரலாம் என்று படித்தேன். சாதாரண சளிக் காய்ச்சலிலும் இதே பட்டியல்தான் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது, அதைத் தாண்டிப் போய்விட்டேன். தெர்மாமீட்டர் தலையணைக்கு அடியில். 98.4, 98.8, 98.6. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தாடைக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். நாளைக்கு முப்பது தடவை அழுத்தினால் எந்தக் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். வலித்தது. "பார்த்தியா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் தங்கச்சி மகள் என் டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். எச்சில் வழியாகப் பரவாது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். கை கேட்கவில்லை, வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். "மாமா, தண்ணிதானே?" என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த 45 நாளில் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

28-வது நாள் லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து நான்காம் தலைமுறை டெஸ்ட். எதிர்ப்பொருளோடு வைரஸின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடுகிற டெஸ்ட் இது, அதனால்தான் முன்னதாகவே பிடிக்கிறது. ரிப்போர்ட்டில் நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ் என்று இருந்தது. பக்கத்தில் மெஷின் காட்டிய அளவு, 0.19. ஒன்றுக்குக் கீழே இருந்தால் நான்-ரியாக்டிவ். அதோடு மடித்து வைத்திருக்க வேண்டியவன், சந்தேகம் தீரட்டும் என்று மூன்று நாள் கழித்து வேறு லேபில் மறுபடி எடுத்தேன். 0.27. ஏறுகிறது! அன்று முழுக்க வேலையில் ஒரு வரி ஓடவில்லை. எச்ஐவி டெஸ்ட் எடுப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் இரண்டு தாளையும் நீட்டினேன். சிரிக்காமல் பதில் சொன்னார், அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மெஷினுக்கு மெஷின், ஏன் ஒரே மெஷினில் ஒரே ரத்தத்துக்குக்கூட அந்த எண் கொஞ்சம் மாறும், ஒன்றைத் தாண்டினால்தான் அதற்கு மேல் யோசிக்க வேண்டும், தாண்டினாலும் அது ரியாக்டிவ் மட்டும்தான், உறுதி செய்யும் டெஸ்ட் முடியாமல் பாசிட்டிவ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். நாலு வாரத்தில் இந்த டெஸ்ட் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லிவிடும், 45 நாள் தாண்டி எடுத்தால் முடிவானது, விரலில் குத்தும் டெஸ்ட் என்றால் 90 நாள் வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதுவரை ரத்த தானம் கூடாது, ஆணுறை இல்லாமல் யாரோடும் சேரக் கூடாது என்றார். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி இரண்டுக்கும் சேர்த்து எடுக்கச் சொன்னார், எடுத்தேன், ஒன்றும் இல்லை.

46-வது நாள். 0.08, நான்-ரியாக்டிவ். சந்தோஷத்தில் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். லேப் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அப்போதுதான் டாக்டர் சொன்ன அந்த இரண்டு மடங்கு ஞாபகம் வந்தது. ஒன்றரை மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன் போட்டேன். டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சைபர் புள்ளி எவ்வளவு?" என்று கேட்டாள்.

"0.08."

"எனக்குப் போன தடவை 0.21. நாளைக்குத்தான் கடைசி டெஸ்ட்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். உன்கிட்ட கேட்கவே பயந்துதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். ரிசல்ட் வந்ததும் அனுப்பறேன்."

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெசேஜ் வந்தது. 0.11. வேறு ஒரு எழுத்துகூட இல்லை.