2015 டிசம்பர் சென்னை வெள்ளம்: அடையாற்றங்கரைத் தெருக்கள் சேர்ந்து சமாளித்த விதம்

கோட்டூர்புரத்திலிருந்து:
டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறப்பு விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. வழியில் நிரம்பி வழிந்த ஏரிகளின் தண்ணீரும் அடையாற்றில்தான் வந்து விழுந்தது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதால்தான் தரைத்தளத்துக் குடும்பங்கள் பல பிழைத்தன. மேலே ஏறுமுன் இரண்டு வேலை. வெள்ளம் கரண்ட் மீட்டர் பெட்டியை எட்டுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எட்டிவிட்டால் தொடவே கூடாது. அடுத்து கேஸ் சிலிண்டர். முழு சிலிண்டரே மிதக்கும்: வாயு 14.2 கிலோ, இரும்பு 15 கிலோ சொச்சம், அது விலக்கும் தண்ணீரோ 33 கிலோவுக்கு மேல். டியூபோடு மிதந்து இழுபட்டால் கசியும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு மாடிக்கு ஏற்றிவிட்டால், அதே சிலிண்டரில் அத்தனை வீட்டுக்கும் கஞ்சி காய்ச்சலாம்.

சைதாப்பேட்டையிலிருந்து:
மீனவர்கள் லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றிவந்து ஆட்களை மீட்டார்கள். அந்தக் கடன் தீராது. தெருவுக்குள் மோட்டாரை நம்ப முடியாது. மூழ்கிய காம்பவுண்டுச் சுவரிலோ பைக்கிலோ விசிறி அடிபடும். கழி ஊன்றித்தான் தள்ள வேண்டும். இழுப்பு அதிகம் இருப்பது முச்சந்தியில், அங்கே தூணிலோ மரத்திலோ கயிறு கட்டிப் பிடித்துக் கடத்துவார்கள். பால்கனியிலிருந்து இறங்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். வயதானவர்களை முதலில் இறக்கி, நடுவில் தரையோடு உட்கார வையுங்கள்.

முடிச்சூரிலிருந்து:
வெள்ளம் வடிந்ததும் சம்ப்பை (வீட்டின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை) ஒரேயடியாக இறைத்துக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கையில் காலி சம்ப்பை வெளித்தண்ணீர் மேலே தூக்கும்; தளமும் சுவரும் விரிசல் விடும். தெருவில் தண்ணீர் போய், நிலத்தடி மட்டமும் கொஞ்சம் இறங்கட்டும். தெருவிலேயே மேடான வீட்டுச் சம்ப்பை முதலில் எல்லாருமாகச் சேர்ந்து சுத்தம் செய்தால் மற்றவர்கள் அங்கேயே குடம் பிடிக்கலாம். உள்ளே இறங்குமுன் மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள், சாக்கடை கலந்திருந்தால் விஷவாயு இருக்கும். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் யாரும் இறங்க வேண்டாம். சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஓர் இரவு விட்டு முழுக்க வெளியேற்றுங்கள். அதன்பின் நிரப்பும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போதும். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும், நெடி அடிக்காத பவுடரை வாங்காதீர்கள்.